தேய்த்தால் போகும் யானை

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்த முதல் வெள்ளி ரூபாய் 1911-ல் வெளிவந்தது. கையில் வாங்கிய மக்கள் மன்னரின் முகத்தைவிட அவருடைய அங்கியைத்தான் உற்றுப் பார்த்தார்கள். அங்கியின்மேல் கிடந்த விருதுச் சங்கிலியில் ஒரு குட்டி யானை. அச்சு செதுக்கியவர் தும்பிக்கையைக் குட்டையாக விட்டுவிட்டதால் அது யானையாகத் தெரியாமல் பன்றியாகத் தெரிந்தது. அதிருப்தி கிளம்பியது, அரசு அவசரமாகப் பின்வாங்கியது. அச்சாகியிருந்த சுமார் 94 லட்சம் காசுகளில் ஏறத்தாழ 7 லட்சம்தான் அதற்குள் வெளியே போயிருந்தன. எஞ்சியவை உருக்கப்பட்டன. 1912 ரூபாயில் யானைக்கு ஒழுங்கான தும்பிக்கை கிடைத்தது. சேகரிப்பாளர்கள் 1911-ஐ இன்றும் ‘பன்றி ரூபாய்’ என்றுதான் சொல்கிறார்கள்.

1911 ரூபாய்க்கும் 1912 ரூபாய்க்கும் எடை ஒன்று, விட்டம் ஒன்று, வெள்ளி ஒன்று. உருக்கினால் இரண்டுக்கும் ஒரே விலைதான் கிடைக்கும். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிப்பது ஓர் இலக்கமும் ஒரு தும்பிக்கையும். இரண்டுமே காசின் மேல்தோலில் உள்ள மிகச் சிறிய மேடுகள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். காசின் மீதுள்ள யானைக்கு அந்தச் சலுகை கிடையாது. அது அழிந்தால் வெள்ளியின் எடைக்கான விலை மட்டும்தான்.

வீட்டில் பெரியவர் ஒருவர் காலமாகி, காரியமெல்லாம் முடிந்து, பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கும் நாளில் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. பெட்டிக்குள் ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் காலணா, ஓட்டைக் காலணா, விக்டோரியா ரூபாய், என்னவென்றே தெரியாத செப்புக் காசுகள் ஒரு கைப்பிடி. “வித்துடலாமா?” என்பார் ஒருவர். “ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்குவோமே” என்பார் அத்தை. “மியூசியத்துக்குக் குடுத்துடலாம்” என்பார் சித்தப்பா. மூன்றுமே நியாயமான யோசனைகள். அதற்குள் இன்னொருவர், “முதல்ல புளி போட்டுத் தேய்ங்கப்பா, என்ன காசுன்னாவது தெரியட்டும்” என்பார். அந்தப் பேச்சைக் கேட்டால் மற்ற மூன்று யோசனைகளுக்கும் வேலை இல்லாமல் போய்விடும்.

மேல்தோல்

உலோக வில்லையை இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தும்போது உலோகம் நசுங்கி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடி, அச்சின் பள்ளங்களுக்குள் புகுகிறது. அந்த ஓட்டத்தின் தடம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளாகக் காசின்மேல் நின்றுவிடும். புழக்கத்துக்கே போகாத ஒரு ரூபாயை விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால் ஒளிப்பட்டை ஒன்று காசைச் சுற்றிச் சுழன்று வரும். அந்தக் கோடுகளில் பட்டுத் திரும்பும் ஒளி அது. கோடுகளின் உயரம் மைக்ரோமீட்டர் கணக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவு. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் விபூதி போட்டு ஒருமுறை துடைத்தாலே கோடுகள் மழுங்கி, புதிய கீறல்கள் குறுக்கும் நெடுக்கும் விழும். காசு பளபளக்கும்; ஆனால் ஒளி சுழலாது. காசு வாங்கும் வியாபாரி லென்ஸைக் கண்ணில் வைத்ததும் முதலில் தேடுவது இதைத்தான். தேய்த்த காசு என்று தெரிந்த மறுகணம் அவர் சொல்லும் விலை சரிந்துவிடும்.

வெள்ளி கறுப்பதும் நாம் நினைப்பதுபோல் அழுக்கு சேர்வதால் அல்ல. காற்றில் மிகச் சிறிதளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இருக்கிறது. அதிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு என்ற படலமாகிறது. படலம் சில பத்து நானோமீட்டர் தடிமனில் இருக்கும்போது காசு இளமஞ்சளாகத் தெரியும். இன்னும் தடித்தால் செம்பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் மாறி, கடைசியில் கறுப்பு. மழை நின்ற சாலையில் சிந்திய எண்ணெய் வானவில் காட்டுகிறதே, அதே இயற்பியல்தான்: படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலந்து சில நிறங்களை வலுவாக்கி, சிலவற்றை அழிக்கின்றன. பல ஆண்டுகள் ஒரே தாளில் மடித்து வைத்த ரூபாயின் ஓரத்தில் இப்படி நீலமும் ஊதாவும் வளையமாகப் படிந்திருந்தால் சேகரிப்பாளர்கள் அதற்குக் கூடுதல் விலை தருவார்கள். அந்தக் கறுப்பில் இருப்பதும் காசின் சொந்த வெள்ளிதான். அதைத் தேய்த்து எடுத்தால் வெள்ளியையும் சேர்த்தே எடுக்கிறோம்.

செம்பில் நிலைமை இன்னும் மோசம். செம்பு முதலில் செம்பழுப்பு ஆக்ஸைடாகிறது. ஈரமும் கரியமில வாயுவும் சேரச் சேர அதன்மேல் பச்சைக் களிம்பு படிகிறது. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்த காசுகளில் ஒரு விசித்திரம் நடக்கும். உலோகம் உள்வரை அரித்துப்போயிருக்கும். ஆனால் அரிப்பில் உருவான களிம்பு, காசின் பழைய மேற்பரப்பை அப்படியே பிரதி எடுத்துத் தாங்கி நிற்கும். எழுத்து அங்கே செம்பில் இருக்காது, களிம்பில்தான் இருக்கும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கரைப்பது அந்தக் களிம்பைத்தான். தேய்த்து முடித்ததும் கையில் மிஞ்சுவது சொரசொரவென்ற, எழுத்தில்லாத ஒரு செப்புத் துண்டு.

களிம்பில் பயப்பட வேண்டிய வகை ஒன்று உண்டு. வெளிர்பச்சையாக, பொடிப்பொடியாக, தொட்டால் உதிரும். இதற்கு ‘வெண்கல நோய்’ என்று பெயர். மண்ணிலோ கடல்காற்றிலோ இருந்து வந்த குளோரைடு காசுக்குள் தங்கியிருக்கும். ஈரமும் ஆக்ஸிஜனும் பட்டதும் அது செம்பைத் தின்று பச்சைப் பொடியாக்கும். அந்த வினையிலேயே அமிலமும் பிறந்து அடுத்த அடுக்கைத் தின்னப் போகும். ஆரம்பித்துவிட்டால் தானாக நிற்காது. அப்படிப்பட்ட காசைத் தனியே எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வைத்து, அருங்காட்சியகப் பாதுகாப்பாளர் யாரிடமாவது காட்டுவதுதான் வழி. கெட்டியாக, வழவழப்பாக ஒட்டியிருக்கும் பச்சையைத் தொட வேண்டியதில்லை.

பெட்டிக்குள்ளேயே வேறு எதிரிகளும் உண்டு. மலிவான பிளாஸ்டிக் உறைகள் பலவும் பிவிசியால் ஆனவை. நாளாக ஆக அவை அமிலம் கக்கிக் காசின்மேல் பச்சைப் பிசுக்கை ஏற்றும். ரப்பர் பேண்டில் கந்தகம் இருப்பதால் அது பட்ட இடத்தில் வெள்ளியின் மேல் கறுப்புக் கோடு விழும். சாதவாகனர்களின் ஈயக் காசுகளை மர அலமாரியில் வைத்தால், மரம் வெளிவிடும் அசெட்டிக் அமில ஆவியில் அவை வெள்ளைப் பொடியாகிப்போகும். ஆகவே முதல் வேலை: பிவிசி உறைகளையும் ரப்பரையும் நீக்கி, அமிலமில்லாத தாள் உறையில் ஒவ்வொரு காசாக இட்டு, உலர்ந்த இடத்தில் வைப்பது. பிடிக்கும்போது விளிம்பைப் பிடியுங்கள். விரல் வியர்வையில் உப்பு இருக்கிறது.

காசு சொல்லும் தேதி

அடுத்தது, படிப்பது. 1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரி ரூபாயைக் கொண்டுவந்தது. அதன் எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. அதற்கு முன்பு ஊருக்கொரு கணக்கு. சென்னையில் ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. திருவிதாங்கூரில் சக்கரம் என்ற வெள்ளிக்காசு விரலிடுக்கில் நழுவும் அளவுக்குச் சிறியது என்பதால், அதை எண்ணுவதற்கென்றே குழிகள் வெட்டிய மரப்பலகை வைத்திருந்தார்கள். காசுகளைப் பலகைமேல் கொட்டி ஓர் ஆட்டு ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும். மிச்சத்தை வழித்தெடுத்தால் கணக்கு முடிந்தது. பெட்டியில் துளைகளோ குழிகளோ நிறைந்த பழைய பலகை ஒன்று கிடந்தால் விறகென்று நினைத்துவிடாதீர்கள்.

காசில் பொறித்த ஆண்டை அப்படியே நம்பிவிட முடியாது. விக்டோரியா ராணியின் 1840 ரூபாயை 1862 வரைக்கும் அதே ஆண்டு போட்டே அடித்தார்கள். அடுத்து வந்த 1862 என்ற ஆண்டும் 1874 வரை அப்படியே நின்றது. எந்த ஆண்டு அடித்தது என்று கண்டுபிடிக்க பம்பாய் அக்கசாலை காசில் நுண்ணிய புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே போனது. புள்ளிகளை எண்ணி ஆண்டைச் சொல்வது சேகரிப்பாளர்களிடையே தனி வித்தை. 1957-க்குப் பிறகான பைசாக்களிலும் தேதிக்குக் கீழே பாருங்கள். வைரக்கட்டம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. எதுவுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. பவுன் காசு இருந்தால் குதிரைவீரன் படத்துக்குக் கீழே தரைக்கோட்டைத் தேடுங்கள். அங்கே பொடியாக ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தும் கீழே 1918 என்ற ஆண்டும் இருந்தால் அது லண்டனில் அடித்தது அல்ல, பம்பாயில் அடித்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் ராயல் மின்ட் அங்கே ஒரு கிளை நடத்தியது.

எழுத்து தேய்ந்த செப்புக் காசுகளில்தான் உண்மையான புதிர். ஒருபக்கம் நிற்கும் மன்னன், மறுபக்கம் அமர்ந்த மன்னன், அருகே நாகரி எழுத்தில் ஒரு பெயர். ராஜராஜ சோழன் அடித்த இந்த வகையை இலங்கை மன்னர்கள் தங்கள் பெயரைப் போட்டுத் தொடர்ந்து அடித்தார்கள். சோழன் காசா, பொலன்னறுவைக் காசா என்பதைச் சொல்வது அந்தச் சில மில்லிமீட்டர் எழுத்துகள் மட்டுமே. காளையும் கீழே தமிழில் ‘சேது’ என்ற எழுத்தும் இருந்தால் அது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளுடையது. அமர்ந்த அம்மன் ஒருபுறமும் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்று மறுபுறமும் இருந்தால் புதுக்கோட்டை அம்மன் காசு. நவராத்திரியில் அரிசியோடு தானமாகக் கொடுத்த இந்தக் காசின் பிற்கால வரிசை இங்கிலாந்தின் பர்மிங்காமில் இயந்திரத்தில் அடித்து வந்தது. அதனால்தான் பிற செப்புக் காசுகள் நடுவே அது மட்டும் அச்சுப் பிசகாத வட்டமாக இருக்கிறது.

தண்ணீரில் ஒரு சோதனை

எழுத்து சொல்லாததை எடை சொல்லும். நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு, 0.01 கிராம் வரை காட்டுவது, ஒன்று போதும். வெள்ளி ரூபாயை முதலில் தனியாக எடை போடுங்கள். 11.66 என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஒரு டம்ளர் காய்ச்சி வடித்த நீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண், காசு தள்ளிய நீரின் எடை. நீருக்கு ஒரு கிராம் என்பது ஒரு கனசென்டிமீட்டர் என்பதால் அதுவே காசின் கன அளவும் ஆகும். எடையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆர்க்கிமிடீஸ் கண்ட கணக்கு, இன்று சமையல் மேடையிலேயே போட்டுவிடலாம்.

தராசு 1.13 காட்டினால் அடர்த்தி ஏறத்தாழ 10.3, 91.7 சதவீத வெள்ளிக்குச் சரியாகப் பொருந்தும் எண். அதே எடையுள்ள ரூபாய் 1.22 காட்டினால் அடர்த்தி சுமார் 9.5 ஆகிறது. காசு போலி என்று அவசரப்பட வேண்டாம், ஆண்டைப் பாருங்கள். 1940-ல் போர்க்கால வெள்ளித் தட்டுப்பாட்டால் அரசு வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. 50 பங்கு வெள்ளி, 40 பங்கு செம்பு, நிக்கலும் துத்தநாகமும் 5 பங்கு வீதம். கள்ள நாணயத்தைத் தடுக்க விளிம்பிலும் பாதுகாப்புக் கோடு வந்தது. ஆறாம் ஜார்ஜின் முகம் ஒன்றே என்றாலும் 1938 ரூபாய்க்குள் 10.69 கிராம் சுத்த வெள்ளி, 1940-க்குப் பிந்தைய ரூபாய்க்குள் 5.83 கிராம்தான். இரண்டையும் கலந்து எடைக்குப் போட்டால் யாருக்கோ நட்டம். தராசு 1.35-ஐ ஒட்டிக் காட்டினால் அடர்த்தி 8.6. அது வெள்ளியே இல்லை. ஜெர்மன் சில்வரில் செய்த போலியாக இருக்கலாம். காந்தத்தில் ஒட்டும் ரூபாய் எல்லாம் போலியும் அல்ல: 1947-ல் வந்த, புலி படம் போட்ட ரூபாய் நிக்கலால் ஆனது, ஒட்டத்தான் செய்யும். சோதனை முடிந்ததும் துடைக்காமல் பஞ்சால் ஒற்றி உலரவிடுங்கள். பச்சைப் பொடி உள்ள காசுக்கும் மண்ணிலிருந்து வந்த காசுக்கும் இந்தச் சோதனை வேண்டாம்.

நகைக்கடைகளில் உள்ள கேரட் மீட்டரில் வைத்துப் பார்த்தால் ஆகாதா என்று கேட்கலாம். அந்தக் கருவி எக்ஸ் கதிரைச் செலுத்தி, அணுக்கள் திருப்பி உமிழும் கதிரை அளக்கிறது. ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பின் சில பத்து மைக்ரோமீட்டர் ஆழம் மட்டுமே. பழைய வெள்ளிக் காசுகளில் மேல்பகுதிச் செம்பு காலப்போக்கில் கரைந்துபோய் வெள்ளி மட்டும் எஞ்சியிருக்கும். கருவி ‘நல்ல வெள்ளி’ என்று சொல்லும். உள்ளே செம்பு கூடுதலாக இருக்கும். ஒன்று தோலைப் பார்க்கிறது, மற்றது முழு உடம்பை எடைபோடுகிறது. இரண்டு விடைகளும் முரண்பட்டால் அந்த முரணே காசின் வயதைப் பற்றி ஒரு துப்பு.

கூட்டமாக இருந்தால்தான் பேசும் காசுகள்

இனிதான் முடிவெடுக்கும் இடம். விற்பதா, பிரிப்பதா, சேர்த்தே வைப்பதா என்பதற்கு விடை காசில் இல்லை. பெரியவர் அதை எப்படிச் சேர்த்தார் என்பதில் இருக்கிறது.

1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரு புதையல் கிடைத்தது. ரோமப் பேரரசின் பொற்காசுகள், சுமார் 500. அகஸ்டஸ் காலம் தொடங்கி வெஸ்பாசியன் காலம் வரையிலானவை. ஆகவே வெஸ்பாசியன் ஆட்சிக்கு, அதாவது கி.பி. 69-க்கு, முன்னால் அதைப் புதைத்திருக்க முடியாது. அதைவிட ஆச்சரியம், பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. தனியாக ஒரு காசு மட்டும் கிடைத்திருந்தால் ‘அடிபட்ட காசு, பாதி விலை’ என்று தள்ளியிருப்பார்கள். நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரி வெட்டு விழுந்திருந்ததால்தான் அது வேண்டுமென்றே செய்தது என்று தெரிந்தது. இனி இது நாணயம் அல்ல, தங்கம் மட்டுமே என்று காட்டச் செய்தார்களா, வேறு காரணமா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த வாதத்துக்கு இடம் கொடுத்தது காசுகள் சேர்ந்து கிடைத்த நிலைதான்.

அதற்கு நேர்மாறான கதை கரூர். அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்களுக்குப் பல ஆண்டுகளாக ரோமக் காசுகளும் சங்ககாலச் சேரர் காசுகளும் கிடைத்து வந்தன. மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிரும்பொறை என்று தமிழ்ப் பிராமியில் பெயர் பொறித்த காசுகள் இப்படித்தான் வெளியே வந்தன. ஆனால் எந்த வளைவில், எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் எது கிடந்தது என்பது பெரும்பாலும் குறிக்கப்படாமலே அவை வியாபாரிகள் கைக்குப் போயின. பெயர் தப்பித்தது, இடத்தின் செய்தி தப்பவில்லை.

ஆகவே பெட்டியைத் திறந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இவை கடையில் வாங்கியவையா, ஓரிடத்தில் பொறுக்கியவையா? பெரியவர் ஆண்டு வரிசைப்படி விக்டோரியா முதல் ஆறாம் ஜார்ஜ் வரை சந்தையில் வாங்கிச் சேர்த்திருந்தால் ஒவ்வொரு காசும் தனித்து நிற்கும். பிள்ளைகளுக்குள் பங்கு போடலாம், விற்கலாம். உலகம் எதையும் இழந்துவிடாது. சொந்த ஊர் ஏரிக்கரையிலோ வயலிலோ உழவில் வந்த செப்புக் காசுகளை அவர் ஐம்பது வருடம் சேர்த்திருந்தால் அது ஓர் ஊரின் ஆவணம். அதைக் கூறு போடக் கூடாது. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகள் அந்தக் குவியலில் இருக்கலாம். ஒன்றில் அச்சின் விரிசல் மெல்லியதாகவும் மற்றதில் அகன்றும் தெரிந்தால் எது முன்னே, எது பின்னே என்று வரிசையே கிடைக்கும். அண்ணனிடம் ஒன்றும் தம்பியிடம் ஒன்றுமாகப் போய்விட்டால் அந்த வரிசையை யாரும் பார்க்கப்போவதில்லை.

இதனால்தான் பெரியவர் காசைச் சுற்றி வைத்த தாளை எறியக் கூடாது. தாளின் ஓரத்தில் பென்சிலால் ஓர் ஊர்ப்பெயர், ஒரு தேதி, “பழைய வீட்டுக் கிணறு” என்று இரண்டு சொல் இருக்கலாம். ஆய்வாளருக்குச் சில நேரம் அந்தத் தாள், உள்ளே இருக்கும் காசைவிட மேல்.

சட்டமும் சரடும்

100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. 1911 ரூபாய் 2011-லேயே அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. “அமெரிக்காவில் இருக்கிற பேரனுக்கு ஒரு ஞாபகார்த்தமாக” என்று பெட்டியில் போட்டு அனுப்பினால் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது பேரன்தான். உள்நாட்டிலும் தொல்பொருளை வாங்கி விற்கும் தொழில் செய்பவருக்கு உரிமம் வேண்டும். விற்பதென்றால் அப்படிப்பட்டவரிடமோ முறையான ஏல நிறுவனத்திடமோ போவது நல்லது. மண்ணுக்கடியில் புதிதாகக் கிடைத்தது என்றால் அது வேறு கணக்கு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது; 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்.

ஏமாற்றுக்காரர்கள் இந்தத் துறையை விட்டுவைக்கவில்லை. ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி என்றும் 1818 என்றும் பொறித்த செப்புக் காசுகள் ஏராளமாகச் சுற்றுகின்றன. கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. இவற்றில் சிலவற்றைத்தான் அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலந்த காசு, கோடிக்கு விலைபோகும் என்று கதை கட்டி விற்கிறார்கள். செம்பு அரிசியை இழுக்காது. இழுத்தால் காசுக்குள் காந்தத்தையும் அரிசியில் இரும்புத் தூளையும் தேடுங்கள். பழைய நாணயத்தை வாங்கித் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. தாங்கள் அப்படிப்பட்ட எந்த வியாபாரத்திலும் இல்லை, யாரிடமும் கமிஷன் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021-ல் அறிக்கையே வெளியிட்டது.

உண்மையிலேயே அரிதான காசுகளுக்குப் போலி இன்னும் நுட்பமாக வரும். வெள்ளி ரூபாய்களில் 1939 மிக அரிது. 1938-ன் கடைசி இலக்கத்தைச் செதுக்கி ஒன்பதாக்கிவிடும் கைகாரர்கள் இருக்கிறார்கள். எடையும் அடர்த்தியும் அங்கே உதவாது, ஏனென்றால் காசு அசல்தான், இலக்கம் மட்டும் பொய். எட்டின் பழைய வளைவு லென்ஸில் தெரிகிறதா, இலக்கத்தைச் சுற்றிய பரப்பு மட்டும் மழுங்கியிருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி. அங்கும் சாட்சி சொல்வது மேல்தோல்தான்.

குவியல் போடுவது

எல்லாக் காசுக்கும் இரண்டு பக்கமும் படம் எடுத்து, எடையும் விட்டமும் குறித்து, ஒரு நோட்டில் எண் போட்டு எழுதுங்கள். குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு பிரதி. பிறகு மூன்று குவியல்.

முதல் குவியல், உலோக விலைக்கு மேல் அதிகம் போகாத காசுகள். மிகவும் தேய்ந்த ரூபாய்கள், காசுமாலைக்காக வளையம் பற்றவைத்தவை, 2011 ஜூனுக்குப் பிறகு செல்லாமல்போன 25 பைசாவும் அதற்குக் கீழானவையும். பேரப்பிள்ளைகள் கையில் கொடுக்க இதைவிட நல்ல பொருள் இல்லை. 16 அணா ஒரு ரூபாய், 12 தம்பிடி ஒரு அணா என்ற கணக்கையும், போர்க்காலத்தில் செம்பை மிச்சம்பிடிக்கவே 1943-ல் காலணாவுக்கு ஓட்டை விழுந்தது என்பதையும் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். நூறு ஆண்டுப் பழைய வெள்ளியை மட்டும் உருக்கக் கொடுக்காதீர்கள். தேய்ந்திருந்தாலும் அது தொல்பொருள்தான்.

இரண்டாவது, சந்தை மதிப்புள்ளவை. இவற்றுக்கு ஒரே வியாபாரியின் வாய்விலையை நம்ப வேண்டாம். நாணயக் கண்காட்சிகளிலும் ஏலப் பட்டியல்களிலும் இதே ஆண்டு, இதே அக்கசாலை, இதே தரத்தில் என்ன விலை போயிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். விற்றுப் பங்கு பிரிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறித்தான் காசுகள் பிழைத்து வந்திருக்கின்றன. சர் வால்டர் எலியட் தென்னிந்தியக் காசுகளைப் பற்றி நூல் எழுதியதும், வேலூரில் இருந்த பாதிரியார் லோவெந்தால் 1888-ல் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி நூல் எழுதியதும் பலர் கைமாறிச் சேர்ந்த காசுகளை வைத்துத்தான்.

மூன்றாவது, என்னவென்று தெரியாத செப்புக் குவியல். குடும்பத்தில் யாரும் பங்கு கேட்காத குவியலும் பெரும்பாலும் இதுவே. 1980-களில் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்ட சிறிய சதுரச் செப்புக் காசு ஒன்று இந்த ரகம்தான். ஒருபுறம் குதிரை, மேலே தமிழ்ப் பிராமியில் ‘பெருவழுதி’ என்ற பெயர். மறுபுறம் பாண்டியரின் மீன் சின்னம். அதுவரை இலக்கியத்தில் மட்டும் கேட்ட ஒரு பெயர் அன்றைக்கு உலோகத்தில் கிடைத்தது. புளியில் ஊறியிருந்தால் அந்தக் காசு எடைக்குப் போயிருக்கும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் புதுக்கோட்டை அருங்காட்சியகத்திலும் இவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நாணயவியல் கழகங்களும் இருக்கின்றன. காட்டுவதனால் கொடுத்துவிட வேண்டும் என்பதில்லை. படமெடுத்து, எடை குறித்து, பெரியவர் எழுதிய தாளோடு சேர்த்துப் பதிவாகிவிட்டால் குவியல் யார் வீட்டில் இருந்தாலும் அதன் செய்தி எல்லோருக்கும் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு கொடுப்பதோ வைத்துக்கொள்வதோ உங்கள் விருப்பம். வெள்ளிக்கு விலை சொல்ல ஊரெல்லாம் ஆள் உண்டு. இந்தச் செம்பை மட்டும், விலை கேட்பதற்கு முன்னால் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.